தற்செயல்களைக் கவனிப்பது எப்படி: எழுதுவதிலிருந்து அர்த்தம் காண்பது வரை முழு வழிகாட்டி

பேசிப் பல வருடமான தோழியை நினைக்கிறோம். அன்று மாலையே அவள் அழைக்கிறாள். "உனக்கு நூறு ஆயுசு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இப்படி வந்துபோகும் தற்செயல்களை நழுவ விடாமல் கவனித்து, எழுதி, அவற்றிலிருந்து உருப்படியாக ஏதாவது எடுத்துக்கொள்ளும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நான் தொடர்ந்து செய்துவரும் முறை இது. ஆர்வப்பட்டுக் கேட்ட நண்பர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்பதும் இதில் வரும்.

புதிதாகத் தொடங்குபவர்களில் ஒரு சாரார் எல்லாவற்றையும் சகுனம் ஆக்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று சொல்லி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். இரண்டு சாராருமே நடந்ததைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் இந்த வேலையில் வரிசைதான் உயிர்நாடி. முதலில் எழுத்து, அப்புறம் காரணம், அப்புறம் கணக்கு, கடைசியில்தான் அர்த்தம். அர்த்தத்தை முன்னால் வைத்தால் நினைவு அதற்கேற்ப வளைந்துகொடுக்கும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைக்கும் அளவில் ஒரு நோட்டு, ஒரு பேனா. செல்போனும் வேண்டும். அதில் குறிப்பு எழுதும்போது நேரம் தானாகப் பதிவாகிவிடும். வெளியே இருக்கும்போது முதல் குறிப்பை அதில் போட்டுவிட்டு, இரவில் நோட்டில் விரித்து எழுதலாம்.

மூன்று மாதமாவது செய்வது என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் எதைப் பார்த்தாலும் தற்செயலாகத்தான் தெரியும், ஏனென்றால் கண் அதைத் தேடிக்கொண்டிருக்கும். அது அடங்கிய பிறகு எழுதுவதற்குத்தான் மதிப்பு.

அவ்வப்போது உங்கள் நோட்டைப் படித்து, "இது எனக்கு அவ்வளவாகப் படவில்லையே" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் சமீபத்தில் மரணம் நடந்திருந்தாலோ, பல நாளாகச் சரியான தூக்கம் இல்லை என்றாலோ, கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். துக்கத்தில் இருக்கும் மனம் போனவரின் அடையாளத்தை எங்கும் தேடும். அது இயல்பு, அன்பின் பகுதி. அதை எடுத்துவைத்துக் கணக்குப் பார்ப்பது அப்போது தேவையில்லாத வேலை.

2. எதை எழுதுவது என்று முன்பே எல்லை போடுங்கள்

நோட்டின் முதல் பக்கம் இதற்குத்தான். அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் பெர்சி டயாகோனிஸும் ஃபிரெட்ரிக் மோஸ்டெல்லரும் 1989இல் எழுதிய கட்டுரையில் தற்செயலுக்கு ஒரு வரையறை தந்தார்கள். சாரம் இதுதான்: நிகழ்ச்சிகள் வியப்பூட்டும்படி ஒன்றுகூட வேண்டும்; அவற்றுக்குள் பொருளுள்ள தொடர்பு இருப்பதாக நமக்குத் தோன்ற வேண்டும்; ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக வெளிப்படையாகத் தெரியக்கூடாது. இந்த மூன்றையும் உங்கள் சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு எதை எழுதப்போவதில்லை என்று எழுதுங்கள். என் சிபாரிசு: கடிகாரத்தில் 11:11 பார்ப்பது, வண்டி எண், பில் தொகை, கூட்டுத்தொகை எதுவும் வேண்டாம். கடிகாரத்தை ஒரு நாளில் எத்தனையோ முறை பார்க்கிறோம். 10:47ஐப் பார்த்தது யாருக்கும் நினைவில் நிற்காது, 11:11 நிற்கும். எண்கள் நோட்டுக்குள் வந்துவிட்டால் பத்தே நாளில் பக்கங்களை நிரப்பிவிடும். மனிதர்களும் சம்பவங்களும் அதற்குள் காணாமல் போவார்கள்.

ஆஸ்திரிய உயிரியலாளர் பால் காமரர் வியன்னா பூங்காக்களில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர்களில் யார் குடை வைத்திருக்கிறார், யார் பொட்டலம் சுமக்கிறார் என்றெல்லாம் குறித்துவைத்தார். ஒரே மாதிரியானவை கூட்டம் கூட்டமாக வருவதற்குப் பின்னால் ஒரு விதி இருப்பதாக 1919இல் புத்தகமே எழுதினார். ஆனால் எந்த விதியும் இல்லாமலேயே எதேச்சையானவை கொத்தாகத்தான் வரும். ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டி எழுதிப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து தலையோ ஐந்து பூவோ ஒருமுறைகூட வராமல் போவதுதான் அபூர்வம். தொடங்கும் முன் இந்தப் பயிற்சியை உண்மையிலேயே செய்துபாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். கையால் செய்தவர்களுக்கு அப்புறம் விளக்கம் தேவைப்படுவதில்லை.

3. காலையில் மனதில் இருப்பதை எழுதிவையுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இது. இந்த முறை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

காலையில் ஐந்து நிமிடம். யார் யார் நினைவுக்கு வந்தார்கள், எந்தக் கவலை ஓடிக்கொண்டிருக்கிறது, கனவு ஏதாவது நினைவிருக்கிறதா, எந்தப் பழைய பாட்டு வாயில் வந்துகொண்டே இருக்கிறது. நான்கைந்து வரி போதும். பகலில் யாராவது சட்டென்று நினைவுக்கு வந்தால் அந்தப் பெயரையும் நேரத்தையும் செல்போனில் தட்டிவைத்துவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். மாலையில் ஒருவர் அழைத்தால், "காலையில்தான் உன்னை நினைத்தேன்" என்று சொல்வது எளிது. காலையில் நினைத்தது அவரைத்தானா, நேற்றா, போன வாரமா என்று அப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. அழைப்பு வந்ததுமே நினைவு தன் தேதியை மாற்றிக்கொள்ளும். காலைப் பக்கத்தில் பெயர் இருந்தால் பேச்சே இல்லை, இருக்கிறது. இல்லாவிட்டால் அது தற்செயல் கணக்கில் வராது.

இன்னொரு பயன், இதைவிடப் பெரியது. நினைத்தும் அழைக்காதவர்களின் பட்டியலும் இந்தப் பக்கத்திலேயே சேர்ந்துவிடும். அந்த நினைப்புகள் நம் மனதில் தங்குவதே இல்லை. அவற்றை யாரும் கதையாகச் சொல்வதும் இல்லை. பலித்தது எத்தனை என்று சொல்ல வேண்டுமானால் பலிக்காதது எத்தனை என்று தெரிய வேண்டும்.

இங்கே புதியவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் காலையில் விட்டுவிட்டு இரவில் உட்கார்ந்து "காலை நினைப்பு" எழுதுகிறார்கள். அதற்குள் அன்றைய நாள் முழுவதும் அதில் கலந்துவிடுகிறது. சிலர் எதையும் விடக்கூடாது என்று தெரிந்தவர் பெயரையெல்லாம் எழுதுகிறார்கள். அவ்வளவு பெயர் எழுதினால் தினமும் ஒருவராவது அழைக்கத்தான் செய்வார்.

4. நடந்ததும் எழுதுங்கள், அடுத்தவரிடம் சொல்லும் முன்

நடந்த உடனே நமக்குத் தோன்றுவது யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதுதான். கொஞ்சம் பொறுத்து, முதலில் எழுதிவிடுங்கள். வீட்டில் ஒருமுறை, அலுவலகத்தில் ஒருமுறை, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை சொல்வதற்குள் சம்பவம் மெருகேறிவிடும். "அன்று சாயங்காலம்" என்பது "அதே நிமிஷம்" ஆகும். "அவருக்குத் தெரிந்தவர்" என்பது "அவருடைய சொந்தத் தம்பி" ஆகும். சொல்பவர் பொய் சொல்வதில்லை. கேட்பவரின் வியப்பு கதையை அப்படித் தள்ளிக்கொண்டு போகும்.

எழுத வேண்டியவை: நாள், நேரம், இடம், முதல் நிகழ்ச்சி, இரண்டாவது நிகழ்ச்சி, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம், கூட யார் இருந்தார்கள். தனி வரியில், மனம் எவ்வளவு அசைந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண். "அதிசயமாக", "சரியாக அந்தச் சமயம்" போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். மணியைப் போட்டால் போதும், வேலை முடிந்தது.

எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரிக் குறிப்பு:

"புதன், மாலை 5.20. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்து, ஜன்னல் ஓரம். துவாக்குடி பக்கம் வரும்போது பள்ளியில் கணக்கு எடுத்த சார் நினைவு வந்தது. செங்கிப்பட்டி தாண்டி, 5.50 இருக்கும், பக்கத்து இருக்கை அம்மா செல்லில் பேசும்போது அவர் பெயரைச் சொன்னார். கேட்டேன். சாருடைய மருமகளாம். இடைவெளி அரை மணி. தனியாகத்தான் போனேன். 10க்கு 8."

இதே குறிப்பை அடுத்த படிகளிலும் எடுத்துச்செல்வோம்.

5. காரணம் இருக்கிறதா என்று துருவிப் பாருங்கள்

அன்று இரவோ மறுநாளோ உட்கார்ந்து, இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவான வேர் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பல தற்செயல்களுக்கு இருக்கும்.

அடிக்கடி கிடைக்கும் வேர் நாள்தான். பொங்கலன்று பழைய நண்பரை நினைத்தீர்கள், அவர் அழைத்தார் என்றால் அன்று எல்லோரும் எல்லோரையும் அழைக்கும் நாள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் வகுப்புத் தோழர்கள் நினைவுக்கு வருவதும் அப்படியே. அடுத்தது இருவரும் ஒரே செய்தியைக் கேட்டிருப்பது. 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. மறைந்த செய்தி வந்தது. கல்லூரி மேடையில் அவர் பாட்டைச் சேர்ந்து பாடிய நண்பர்கள் அன்று ஒருவரை ஒருவர் நினைத்திருந்தால், அவர்களுக்கு நடுவே தந்தி அடித்தது அந்தச் செய்தி.

செல்போன் விளம்பரங்களைத் தற்செயலில் சேர்க்காதீர்கள். மிக்ஸி பற்றிப் பேசினோம், மிக்ஸி விளம்பரம் வந்தது என்றால், வீட்டில் யாராவது தேடியது, போன கடை, பார்த்த வீடியோ என்று அதற்குப் பின்னால் வேறு வழிகள் உண்டு. உங்கள் கவனத்தைப் பிடிப்பதற்காகவே செய்த ஏற்பாட்டைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

புதிதாக ஒன்று மனதில் நுழைந்தால் அது எங்கும் தென்படுவதும் இதில் சேராது. நீல நிற ஸ்கூட்டர் வாங்க நினைத்ததும் தெருவெல்லாம் நீல ஸ்கூட்டர். வண்டிகள் முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

சரி, பேருந்துக் குறிப்புக்கு வருவோம். சார் நினைவு ஏன் அந்த இடத்தில் வந்தது? துவாக்குடியில் என்ஐடி வளாகம் சாலையோரமே இருக்கிறது. "நல்லாப் படிச்சா அங்கே சேரலாம்" என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். ஆக, நினைப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மருமகள் ஏன் அந்தப் பேருந்தில்? சார் குடும்பம் தஞ்சாவூரில்தான் இருக்கிறது. திருச்சி போய்வர அதுதான் வழி. இரண்டுக்கும் பாதிக் காரணம் கிடைத்தாயிற்று. ஆனாலும் அத்தனை பேருந்துகளில் அந்தப் பேருந்து, அத்தனை இருக்கைகளில் அந்த இருக்கை என்பது மிச்சம் நிற்கிறது. நோட்டில் இப்படியே எழுதுங்கள்: எவ்வளவு விளங்கியது, எது விளங்கவில்லை. விளங்காத பகுதியை வலிந்து விளக்கவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம்.

6. வாய்ப்பைக் கணக்குப் போடுங்கள்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் போதும். இந்தப் படியைச் செய்தவர்களின் கண்ணே வேறாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு 500 பேரைத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரையும் வருடத்துக்கு ஒருமுறை நினைக்கிறீர்கள். ஒவ்வொருவரும் வருடத்தில் ஏதோ ஒரு நாள் உங்களை ஒருமுறை அழைக்கிறார். நினைத்த நாளும் அழைத்த நாளும் ஒன்றாக இருக்க 365இல் ஒரு வாய்ப்பு. 500ஐ 365ஆல் வகுத்தால் 1.37. அதாவது எந்த மாயமும் இல்லாமல், "நினைத்த அன்றே அழைத்தார்" என்பது வருடத்துக்கு ஒருமுறைக்குச் சற்று அதிகமாகவே நடக்கும்.

இப்போது நினைத்த ஐந்து நிமிடத்துக்குள் அழைப்பு என்று மாற்றிப்பாருங்கள். விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 192 ஐந்து நிமிடத் துண்டுகள். வருடத்துக்கு 70,080. 500ஐ இதால் வகுத்தால், ஏறக்குறைய 140 வருடத்துக்கு ஒருமுறை என்று வருகிறது. நான்காம் படியில் இடைவெளியை எழுதச் சொன்னது இதனால்தான். "அன்று" என்பதற்கும் "ஐந்து நிமிடத்தில்" என்பதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது.

அதற்காக ஐந்து நிமிடக் கதை நடக்கவே நடக்காது என்று ஆகிவிடாது. இதே கணக்கில், 1,40,000 பேர் வாழும் ஊரில் வருடத்துக்குச் சுமார் ஆயிரம் பேருக்கு அது நடக்கும். நடந்த ஆயிரம் பேரும் ஊருக்கெல்லாம் சொல்வார்கள், நடக்காதவர்கள் பேச ஒன்றுமில்லை.

நம் உள்ளுணர்வு இந்தக் கணக்கில் எவ்வளவு தவறும் என்பதற்குப் பிறந்தநாள் கணக்கு நல்ல உதாரணம். ஒரு அறையில் 23 பேர் இருந்தால், யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல், 50.7 சதவீதம். 23 பேரில் 253 ஜோடிகள் உண்டு என்பது நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை.

உங்கள் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதற்குப் பதில் வேறு எது நடந்திருந்தாலும் இதே அளவு வியந்திருப்பேன்? பேருந்தில் அந்தக் கணக்கு சாரின் மருமகளுக்குப் பதில் தமிழ் ஐயாவின் மகன் வந்திருந்தாலும், பள்ளித் தோழனே வந்திருந்தாலும், பழைய வீட்டுக்காரர் வந்திருந்தாலும் வியந்திருப்போம். பட்டியல் நீள நீள, "ஏதாவது ஒன்று" நடக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். இதைத் தோராயமாக எழுதினால் போதும்: "சாதாரணம்", "வருடத்துக்கு ஒருமுறை", "அபூர்வம்".

7. அர்த்தம் பார்ப்பது இப்போதுதான்

ஒரு வாரம் போகட்டும். சூடு ஆறிய பிறகும் அந்தக் குறிப்பைப் படித்தால் மனம் அசைகிறது என்றால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். பெரும்பாலான குறிப்புகள் ஒரு வாரம் தாங்காது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1952இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. அவரிடம் சிகிச்சைக்கு வந்த பெண் ஒருவர், கனவில் தனக்குத் தங்க வண்டு வடிவ நகை கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஜன்னலில் ஒரு வண்டு வந்து மோதியது. யுங் அதைப் பிடித்து அவர் கையில் கொடுத்தார். எல்லாவற்றையும் அறிவால் மட்டுமே எதிர்கொண்டு இறுகிப்போயிருந்த அவருக்குச் சிகிச்சை அதன் பிறகுதான் நகர்ந்தது. வண்டு ஏன் வந்தது என்பதில் யுங்கோடு உடன்படாமல் இருக்கலாம். ஆனால் அந்த வண்டு அந்தப் பெண்ணுக்கு ஏன் பொருள்பட்டது என்ற கேள்விக்கு விடை அவருடைய நிலைமையில் இருந்தது. நாம் கேட்க வேண்டியதும் அந்தக் கேள்விதான்.

"இது எனக்கு எதைச் சொல்ல வருகிறது?" என்று கேட்டால் மனம் விரும்பியதைச் சொல்லிவிடும். "இது ஏன் என்னை இவ்வளவு தொட்டது?" என்று கேளுங்கள். பேருந்துக் குறிப்பில் 10க்கு 8 போட்டது ஏன்? பல பேரைத் தற்செயலாகச் சந்திக்கிறோம், 3க்கு மேல் போடுவதில்லை. எழுதி எழுதிப் பார்த்தால் விடை வரும்: அவருக்கு ஒருமுறையாவது நன்றி சொல்லியிருக்க வேண்டும், சொல்லவே இல்லை. அது வெகுநாளாக உள்ளே இருந்திருக்கிறது. பேருந்து அதை மேலே கொண்டுவந்தது.

பிறகு ஒரு சின்னச் செயல். சாருக்கு அழைத்துப் பேசலாம், அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்கலாம். செயலைத் தேர்ந்தெடுக்க நான் பிடிவாதமாக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: அந்தத் தற்செயல் நடக்காமலே இருந்திருந்தாலும் செய்யத்தக்கதாக அது இருக்க வேண்டும். ஆசிரியருக்கு நன்றி சொல்வது எந்த நாளிலும் நல்லதுதான்.

இந்த விதியில் தேறாதவை: பெயர் ஒத்துவந்தது என்று வரன் முடிப்பது, எண் ஒத்துவந்தது என்று மனை வாங்குவது, "இனி வேண்டாம் என்று ஒரு குரல் காதில் விழுந்தது" என்று பிபி மாத்திரையை நிறுத்துவது. பணம், கல்யாணம், மருந்து, வழக்கு, வேலையை விடுவது ஆகிய ஐந்திலும் இந்த நோட்டுக்கு ஓட்டு கிடையாது. ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட மனம்தான் இவற்றில் தற்செயலைத் துணைக்குக் கூப்பிடுகிறது. நோட்டில் அப்படி ஒரு குறிப்பு வந்தால் அதன் பக்கத்தில் "எனக்கு இதில் ஆசை இருக்கிறது" என்று மட்டும் எழுதிவிட்டு, முடிவை வேறு வழியில் எடுங்கள்.

8. எப்போது நிறுத்த வேண்டும்

டிவியில் பேசுபவர் உங்களுக்கென்றே பேசுவது போல, தெருவில் போகிறவர்கள் உங்களுக்குக் குறிப்புக் காட்டுவது போலத் தோன்ற ஆரம்பித்தால், அல்லது அடுத்த அடையாளம் வரவில்லையே என்ற பதற்றத்தில் தூக்கம் போனால், நோட்டை மூடிவிடுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். இது உடம்பு முடியாமல் போவது போன்ற ஒரு நிலை, சீக்கிரம் போனால் சீக்கிரம் தேறலாம். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நண்பரோ உறவினரோ இப்படிப் பேசத் தொடங்கினால் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பயமாக இருக்கிறதா, தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மருத்துவரிடம் கூடப் போங்கள்.

9. மாதம் ஒருமுறை திரும்பப் படியுங்கள்

மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலைப் பக்கங்களில் எத்தனை பெயர் இருந்தது, அதில் எத்தனை பேர் அன்றே தொடர்புகொண்டார்கள் என்று எண்ணி எழுதுங்கள். ஏறக்குறைய ஒத்துவந்ததைப் பலித்த பக்கம் தள்ள வேண்டாம். "முருகனை நினைத்தேன், முரளி வந்தான்" என்பது பலிக்காத கணக்கு.

எண்ணிக்கையைவிட, எந்த விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது என்பது கவனிக்க வேண்டியது. ஒருவர் நோட்டில் எல்லாம் சொந்த ஊரைச் சுற்றியே இருக்கும், இன்னொருவருக்கு விட்டுப்போன இசை. என்ன நடக்கிறது என்பதை உலகம் தீர்மானிக்கிறது, அதில் எதை எடுத்து எழுதுகிறோம் என்பதை நம் மனம் தீர்மானிக்கிறது. அந்தத் தேர்வில் மனம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

எங்கே நடக்கின்றன என்றும் பாருங்கள். பேருந்து, ரயில், கல்யாண மண்டபம், டீக்கடை, மருத்துவமனைக் காத்திருப்பு அறை என்று முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்திருக்கும் இடங்களே அதிகம் வரும். காதில் இயர்போன் மாட்டியிருந்தால் மேலே சொன்ன பேருந்துக் குறிப்பு எழுதப்பட்டிருக்காது. எதுவுமே நடப்பதில்லை என்று குறைப்படுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பயணத்தில் என்ன செய்கிறீர்கள் என்றுதான். வாரத்தில் இரண்டு பயணமாவது இயர்போன் இல்லாமல் போங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் காலைப் பக்கத்தை விட்டுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த மூன்று நாள் என்பதை ஞாயிறன்றே முடிவு செய்துவிடுங்கள். எழுதாத நாளில் எவ்வளவு பெரிய தற்செயல் நடந்தாலும் அதைத் தனிப் பக்கத்தில் வையுங்கள், மாதக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.